பிக்கப்பில் தண்ணி குறையுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் டீசல் வேலை செய்யிற ஆள். ஹைலக்ஸ், எல்200, நவாரா, பொலேரோ எண்டு தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுற பிக்கப்புகள்தான் அநேகமாய் என்னிடம் வரும். பங்குனி பிறந்து வெய்யில் ஏறத் தொடங்கினால் போனில் வாற கதை ஒண்டுதான்: "அண்ணை, றேடியேற்றர்த் தண்ணி குறையுது, எங்கை போகுதெண்டு தெரியேல்லை." அதுக்கு நான் சொல்லுற பதில்களை இங்கை எழுதி வைக்கிறன். சாமானை மாத்த முதல் ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிக்க வேணும் எண்டதை உங்களுக்கு விளங்கப்படுத்தத்தான் இவ்வளவும்.

கிழமைக்கு அரை லீற்றர் விடுறன். நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. சூட்டுக்கு ஆவியாய்ப் போகுதோ?

இல்லை, ஒழுகுது. றேடியேற்றர், எஞ்சின், ஹோஸ், மூடி எல்லாம் சேர்ந்து அடைபட்ட ஒரு சுற்று. சுகமாய் இருக்கிற வண்டியில் றிசேவ் போத்தலின் மட்டம் சூட்டுக்கு ஏறும், ஆறினால் இறங்கும். காலமை பார்த்தால் மாதக்கணக்காய் அதே கோட்டில்தான் நிக்கும்.

நிலத்தில் சொட்டுத் தெரியாததுக்குக் காரணங்கள் இருக்கு. சூடான எஞ்சினில் பட்ட துளி அங்கேயே காய்ஞ்சு போகும். மிச்சத்தை ஃபான் காற்று அடிச்சுக்கொண்டு போகும். சில வண்டிகளில் கீழ்த்தட்டில் தேங்கி நிக்கும். இதொண்டும் இல்லையெண்டால் எஞ்சினுக்குள்ளேயே போய் டீசலோடை எரிஞ்சு போகுது. அதைப் பிறகு சொல்லுறன்.

கூலன்ற் (கறள் தடுக்கிற மருந்து கலந்த றேடியேற்றர்த் தண்ணி) காய்ஞ்ச இடத்தில் பச்சையாயோ சிவப்பாயோ வெள்ளையாயோ ஒரு பொருக்கு நிக்கும், ஆனையிறவு உப்பள வரம்பில் உப்புப் பூக்கிற மாதிரி. ரோச் லைற்றோடை அதைத்தான் தேட வேணும். ஹோஸின் கிளிப் இறுக்கின இடம், றேடியேற்றரின் பக்கத் தாங்கி சேருற விளிம்பு, வோட்டர் பம்புக்குக் கீழை, எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் காசு மாதிரி வட்டமாய் அடிச்சிருக்கிற கோர் பிளக், ஹீற்றருக்குப் போற மெல்லிய ஹோஸ் இரண்டு. கோர் பிளக்கையும் ஹீற்றர் ஹோஸையும் ஆக்கள் பார்க்கிறதே இல்லை.

வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கோ?

இருக்கு, காசும் செலவில்லை. இரவில் வண்டியைச் சமநிலத்தில் விட்டு, எஞ்சினுக்குக் கீழை பிஸ்கற் பெட்டி மட்டையை விரிச்சு விடுங்கோ. முன் ரயர் இரண்டும் எங்கை நிக்குதெண்டு மட்டையில் கரிக்கட்டியால் கீறுங்கோ. காலமை எடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம், எவ்வளவு முன்னுக்கு எண்டு தெரியும். ஏசி ஓடினால் விழுற தண்ணிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூலன்ற் விரலில் வழுவழுக்கும், இனிப்பாய் மணக்கும். நாக்கில் வச்சுப் பார்க்காதேங்கோ, அது நஞ்சு.

நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏத்துற அண்ணை ஒருத்தர், வேறை ஒரு இடத்தில் றேடியேற்றர் மாத்தி, பிறகு மேல் ஹோஸும் மாத்தி, அப்பவும் தண்ணி குறையுதெண்டு என்னிடம் வந்தவர். மட்டை வைக்கச் சொல்லி அனுப்பினன். அடுத்தநாள் விடியவே மட்டையோடை வந்து நிண்டார். நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாய், ஒரு ரூபாய்க் குத்தியளவு சிவப்பு வட்டம். அதுக்கு நேர் மேலை வோட்டர் பம்ப். பம்பின் கழுத்துக்குக் கீழை விரலை விட்டுத் தடவினன், ஈரம். லைற் அடிச்சுப் பார்த்தால் சின்ன ஓட்டையிலிருந்து மண்ணிறக் கோடு ஒண்டு கீழை இறங்கிக் கிடந்தது. அந்தப் பழைய றேடியேற்றரில் ஒரு பிழையும் இருந்திருக்காது எண்டதுதான் எனக்கு இப்பவும் மனவருத்தம்.

அந்தச் சின்ன ஓட்டை எதுக்கு? பசை வச்சு அடைச்சால் நிக்காதோ?

பம்புக்குள்ளை தண்ணியை மறிக்கிற சீல் ஒரு பக்கம், பெயாரிங் மற்றப் பக்கம். சீல் தேய்ஞ்சால் தண்ணி பெயாரிங்குக்குள்ளை போகாமல் வெளியில் விழுறதுக்கும், உங்களுக்குத் தெரியவாறதுக்கும்தான் நடுவில் அந்த ஓட்டையை வச்சிருக்கிறாங்கள். அடைச்சால் தண்ணி பெயாரிங்குக்குப் போகும். பெயாரிங் ஆடத் தொடங்கும். பழைய டீசல் பிக்கப்புகள் கனக்கவில் ஃபான் பம்பின் தலையில்தான் பூட்டியிருக்கு. பம்ப் ஆடினால் ஃபான் போய் றேடியேற்றரை வெட்டும். பம்பை மாத்துங்கோ. ரைமிங் பெல்ற்றால் ஓடுற பம்ப் எண்டால் பெல்ற்றையும் அதோடை மாத்துங்கோ, ஒருக்கா கழட்டின கூலியோடை இரண்டும் முடியும்.

கராஜுக்குப் போனால் முதல் என்ன செய்யச் சொல்லிக் கேக்கிறது?

"பிரஷர் அடிச்சுப் பாருங்கோ" எண்டு கேளுங்கோ. மீற்றர் பூட்டின ஒரு கைப்பம்ப் அது. எஞ்சின் ஆறியிருக்கேக்குள்ளை மூடியைக் கழட்டி அந்த இடத்தில் பூட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடிக்க வேணும். 0.9 (பார்) எண்டு இருந்தால் ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ. அதுக்கு மேலை அடிச்சால் பழைய றேடியேற்றர் பிளந்துபோம். 15 நிமிசம் விட்டுப் பாருங்கோ. ஊசி இறங்கினால் ஒழுக்கு இருக்கு. எஞ்சின் ஓடேல்லை, ஃபான் சுத்தேல்லை, சூடும் இல்லை. அதாலை ஒழுகிறது காயாமல் துளியாய் நிக்கும், கண்ணால் காணலாம். ஊசி இறங்குது, வெளியில் ஒரு ஈரமும் இல்லை எண்டால் உள் ஒழுக்கைச் சந்தேகிக்க வேணும்.

அதே கருவியால் மூடியையும் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேணும். சாதாரண தண்ணி 100 பாகையில் கொதிக்கும், 13 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைச்சு வச்சால் 120 பாகைக்குக் கிட்டப் போய்த்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 20 பாகையும் கையை விட்டுப் போச்சு. தண்ணி கொதிச்சுப் போத்தலால் வழியும். அதைப் பார்த்துவிட்டு "ஹெட் காஸ்கற் போட்டுது" எண்டு, எஞ்சின் புளொக்குக்கு மேலை பூட்டியிருக்கிற ஹெட்டைக் கழட்டின வண்டிகளை நான் கண்டிருக்கிறன். (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் அடைச்சு வைக்கிற தகடுதான் ஹெட் காஸ்கற்.) இந்தப் பக்கத்தில் பேசுற சாமான்களில் ஆக மலிவு அந்த மூடிதான்.

சூட்டோடை மூடியைத் திறக்கலாமோ?

திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்துக்குத்தான் அடிக்கும். ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கோ. மேல் ஹோஸைக் கையால் பிடிச்சுக்கொண்டு நிக்கக்கூடிய சூடு வந்த பிறகு, தடிச்ச துவாய் போட்டு, முதல் கொழுவி மட்டும் திருப்பி, காற்றுச் சத்தம் நிண்ட பிறகு முழுக்கத் திறவுங்கோ.

எங்கடை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, குடிக்கிறம். அதை விட்டால் என்ன?

வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ. வெள்ளையாய்த் தட்டுப் பிடிச்சிருக்குதெல்லே? அதுதான் உங்கடை எஞ்சினுக்குள்ளையும் நடக்குது.

குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலை கிடக்குது. வருசம் முழுக்க ஓடுற ஆறொண்டு எங்களுக்கு இல்லை. மாரி மழை கல்லுக்குள்ளால் இறங்கி, சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருகுது. சூடாக்கினால் கரைஞ்சது திரும்பக் கல்லாய்ப் படியும். எங்கை சூடு கூடவோ அங்கைதான் முதல் படியும். எஞ்சினில் அது ஹெட்டுக்குள்ளை, புகை வால்வைச் சுத்தி. அந்தத் தட்டு சூட்டைத் தண்ணிக்குக் கடத்த விடாது. தண்ணி நிறைய இருந்தும் அந்த இடம் வேகும், வெடிக்கும். வேலணை, ஊர்காவற்றுறை மாதிரிக் கரையோரத்துக் கிணறுகளில் உவர் இருந்தால் இன்னும் மோசம். உப்பு அலுமினியத்தை ஊசியால் குத்தின மாதிரி அரிக்கும்.

இதிலை ஒண்டைக் கவனியுங்கோ. ஒழுக்கு இல்லாத வண்டிக்கு ஒருக்கா விட்ட தண்ணியோடை வந்த சுண்ணாம்பு மட்டும்தான். ஒழுகுற வண்டிக்கு ஒவ்வொரு கிழமையும் புதுத் தண்ணி, புதுச் சுண்ணாம்பு. "கொஞ்சம்தானே, விட்டு விட்டு ஓடுவம்" எண்டு நினைக்கிறவையின்ரை எஞ்சின்தான் கெதியாய்ச் சாகிறது.

போன வருசம் ஒரு பழைய ஹைலக்ஸில் கோர் பிளக் ஒண்டைக் கழட்டினன். வெளியில் சின்னக் கசிவு ஒண்டைத் தவிரப் பிழையில்லாத வட்டத் தகடு. உள்பக்கம் பார்த்தால் கறள் தின்டு அப்பளம் மாதிரி. ஸ்குரூ ட்ரைவரின் நுனியால் தொட்டன், முட்டைக் கோது உடையிற மாதிரி உள்ளை போச்சு. கூலன்ற் இல்லாமல் வெறும் தண்ணியில் ஓடின வண்டி. கூலன்றில் இருக்கிற கறள் தடுக்கிற மருந்துக்குத்தான் நாங்கள் காசு குடுக்கிறம். எங்களுக்குப் பனி உறையாது, அதாலை கூலன்ற் தேவையில்லை எண்டது பிழையான கதை.

கலந்து வாறதை வாங்கினால் அப்படியே விடுங்கோ. தண்ணி கலக்காத கட்டியானது எண்டால் பாதிக்குப் பாதி பற்றரித் தண்ணி (காய்ச்சி வடிச்ச தண்ணி) கலவுங்கோ. போத்தலில் எழுதியிருக்கிறதை வாசியுங்கோ, பற்றரி அசிட்டும் அதே றாக்கையில்தான் இருக்கும். கைக்கு ஒண்டும் இல்லையெண்டால், ஐப்பசி கார்த்திகையில் வெளியில் வாளி வச்சுப் பிடிச்ச மழைத்தண்ணி கிணத்துத் தண்ணியை விட எவ்வளவோ மேல்.

பச்சையோ சிவப்போ நல்லது?

நிறத்தில் ஒண்டும் இல்லை. நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். வண்டிக்கு எந்த வகை எண்டு கையேட்டில் பார்த்து அதை விடுங்கோ. உள்ளை என்ன இருக்கெண்டு தெரியாட்டி, முழுக்கக் கழுவி இறக்கிப்போட்டுப் புதிசு விடுங்கோ. இரண்டு வகையைக் கலந்தால் சிலது களியாய்த் திரளும்.

அப்பா காலத்தில் மஞ்சள் தூள் போட்டு ஓட்டை அடைச்சவை. இப்பவும் போடலாமோ?

1990களில் பொருளாதாரத் தடை இருந்த நேரம், சாமான் வராத நேரம், மண்ணெண்ணெயில் கார் ஓட்டின சனம் நாங்கள். ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் அந்த நிலைமையில் உயிரோடை வச்சிருந்த பாஸ்மாரை நினைச்சால் இப்பவும் கை எடுத்துக் கும்பிடலாம். மஞ்சளும் மிளகுத் தூளும் முட்டை வெள்ளையும் அவைக்கு வேறை வழியில்லாத மருந்து. அந்த றேடியேற்றர்கள் செம்பு, பித்தளை. குழாய் அகலம், தூள் ஓட்டையில் போய் அடைச்சாலும் மிச்சத்தால் தண்ணி ஓடும்.

இப்ப வாற அலுமினிய றேடியேற்றரின் குழாய் ஒடுக்கம். ஹீற்றர், ஒயில் கூலர், ஈ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குத் திரும்பிப் போற புகையை ஆத்திறது) எண்டு இன்னும் ஒடுக்கமான வழிகள் இருக்கு. தூளுக்கு எது ஓட்டை எது வழி எண்டு தெரியாது. கடையில் போத்தலில் விக்கிற அடைப்பு மருந்தும் அப்படித்தான். நடுவழியில் வீடு வந்து சேர மட்டும் பாவியுங்கோ, வந்த பிறகு முழுக்கக் கழுவுங்கோ.

றேடியேற்றர் ஓட்டை. பற்று வைக்கலாமோ, மாத்த வேணுமோ?

செம்பு, பித்தளை எண்டால் ஈயப் பற்று வைக்கலாம். நல்ல கை வச்சால் கன காலம் நிக்கும். அதோடை மேல் தாங்கியைக் கழட்டி, குழாய்களுக்குக் கம்பி ஓட்டிச் சுண்ணாம்பையும் எடுப்பியுங்கோ. பிளாஸ்ரிக் தாங்கி வச்ச அலுமினிய றேடியேற்றரில் பிளாஸ்ரிக் வெடிச்சால் பசை ஒட்டுறது சூட்டிலும் அழுத்தத்திலும் விட்டுப்போம். தாங்கியை மாத்த முடியுமெண்டால் மாத்துங்கோ, இல்லாட்டி முழுசாய் மாத்துங்கோ. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வண்டிகளைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கொண்டு ஓடினவை. அந்த வண்டிகளுக்குக் கழட்டின பழைய றேடியேற்றர் வாங்கினால், பூட்ட முதல் பிரஷர் அடிச்சுப் பார்த்து வாங்குங்கோ.

வெளியில் ஒரு ஈரமும் இல்லை, வெள்ளைப் புகை வருகுது. ஹெட் காஸ்கற்தானோ?

இருக்கலாம், ஆனால் உடனை ஹெட்டில் கை வைக்க விடாதேங்கோ. முதல் புகையை மணந்து பாருங்கோ. கண் எரிஞ்சு பச்சை டீசல் மணந்தால் அது எரியாத டீசல். இன்ஜெக்டர், குளோ பிளக் பக்கம் போங்கோ. எஞ்சின் நல்லாய்ச் சூடேறின பிறகும் புகை நிக்காமல் இனிப்பாய் மணந்தால் கூலன்ற் எரியுது.

அடுத்தது, விடியப்புறம் குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி மேல் ஹோஸைப் பிடியுங்கோ. தண்ணி இன்னும் சூடாகேல்லை, ஆனால் இரண்டொரு நிமிசத்தில் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், சிலிண்டருக்குள்ளை இருக்கிற வாயு தண்ணிக்குள்ளை வருகுது. மூடியைத் திறந்து வச்சு ஸ்ராட் பண்ணினால் குமிழி விடாமல் வரும். நீல நிற மருந்துத் தண்ணி போட்ட கண்ணாடிக் குழாயால் அந்தக் காற்றை இழுத்துப் பார்க்கிற சோதனையும் இருக்கு. நிறம் மாறினால் சந்தேகம் தீர்ந்தது. டீசலுக்கு வெறும் ஐடிலில் அந்தச் சோதனை சரியாய்க் காட்டாது, அக்சிலேற்றர் குடுத்துப் பார்க்க வேணும்.

புது கொமன் றெயில் எஞ்சின்களில் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளுக்குள்ளை வெடிச்சாலும் இதே வெள்ளைப் புகைதான், இதே தண்ணிக் குறைவுதான். அதை முதல் கழட்டிச் சோதிக்கிறது ஹெட் கழட்டிறதில் சின்னப் பங்கு வேலை. கூலன்றில் ஒயில் மிதக்குது, ஆனால் ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் இல்லை எண்டால் ஒயில் கூலரைப் பாருங்கோ. எஞ்சின் ஓடேக்குள்ளை ஒயிலின் அழுத்தம் தண்ணியை விடக் கூட. அதாலை ஒயில்தான் தண்ணிக்குள்ளை தள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இரவில் சிலிண்டருக்குள்ளை தண்ணி இறங்கியிருந்தால், காலமை ஸ்ராட்டர் "டக்" எண்டு இடிச்சு நிக்கும். டீசல் எஞ்சினில் பிஸ்ரனுக்கு மேலை மிஞ்சிற இடம் மிகக் கொஞ்சம், தண்ணி சுருங்காது. திரும்பத் திரும்ப அடிக்காதேங்கோ, தள்ளி ஸ்ராட் பண்ணவும் வேண்டாம். கொனெக்டிங் றொட் வளைஞ்சால் செலவு பத்து மடங்கு.

ஹெட் கழட்டத்தான் வேணும் எண்டு வந்திட்டால்?

பழைய காஸ்கற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ, எங்கை எரிஞ்சதெண்டு அதிலை எழுதியிருக்கும். ஹெட்டின் முகம் நேரோ எண்டு நேர்கோலும் ஃபீலர் தகடும் வச்சுப் பார்க்க வேணும், 0.05 மில்லிமீற்றருக்குள்ளை இருந்தால் நல்லது. வெடிப்பு இருக்கோ எண்டு பிரஷர் சோதனைக்கு அனுப்ப வேணும், முக்கியமாய் எல்200 மாதிரி அலுமினிய ஹெட் வச்ச 4டி56 எஞ்சினுக்கு. கன டீசல் எஞ்சின்களுக்குக் காஸ்கற் இரண்டு மூண்டு தடிப்பில் வருகுது. ஓரத்தில் வெட்டோ ஓட்டையோ வச்சு அடையாளம் போட்டிருக்கும், அந்த எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கோ. ஹெட் ஏன் சூடேறினது எண்ட காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூட்ட விடாதேங்கோ. அடைச்ச றேடியேற்றரோடை புதுக் காஸ்கற் போட்டால் திரும்பவும் அதே கதைதான்.

தேர்மோஸ்ரற்றைக் கழட்டி எறிஞ்சால் சூடு குறையுமெண்டு சொல்லுகினம்.

எங்கடை ஊரில் ஆகக் கூடப் பரவின பிழையான வைத்தியம் இது. தேர்மோஸ்ரற் எண்டது தண்ணி சூடானால் திறந்து றேடியேற்றருக்கு விடுற வால்வு. கன எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் திறக்கேக்குள்ளை, றேடியேற்றருக்குப் போகாமல் சுத்துற குறுக்கு வழியை அதுவே மூடும். கழட்டினால் அந்த வழி திறந்தே கிடக்கும். கொஞ்சத் தண்ணி ஆறாமலே திரும்பி வரும். ஓரளவு வெய்யிலில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், பாரம் ஏத்தினால் கொதிக்கும். பழுதெண்டால் அதே பாகையில் புதிசு போடுங்கோ.

ஏ9 றோட்டில் போகேக்குள்ளை சூடேறிட்டுது. என்ன செய்யிறது?

இயக்கச்சி தாண்டி ஆனையிறவு வெளியில் நிழலுமில்லை, கடையுமில்லை, அதாலை ஊசி ஏறத் தொடங்கின உடனையே முடிவெடுங்கோ. ஏசியை நிப்பாட்டி, ஹீற்றரை முழுக்கத் திறந்து, மெதுவாய் ஓரங்கட்டுங்கோ. ஆவி வந்தால் எஞ்சினை நிப்பாட்டி, போனற்றைத் திறந்து ஒரு மணித்தியாலம் இருங்கோ. சூட்டோடை பச்சைத் தண்ணி ஊத்தினால் ஹெட் வெடிக்கும். பக்கத்தில் கடல்நீரேரி இருக்கெண்டு அதை அள்ளி விடாதேங்கோ. ஒரு பெடியன் விட்டவன். இரண்டு மாதத்தில் தேர்மோஸ்ரற் மூடியின் அலுமினியம் அரிச்சு ஓட்டையாய் வந்தது.

ஹோஸிலோ றேடியேற்றரிலோ சின்ன ஓட்டை எண்டால், ஆறின பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு மெதுவாய்த் தண்ணி நிரப்பி, மூடியை முதல் கொழுவியில் மட்டும் வச்சு ஓடலாம். அழுத்தம் ஏறாததாலை ஒழுக்கு மெதுவாகும், ஆனால் 100 பாகையிலேயே கொதிக்கும். சுமையை இறக்கி, ஐந்து பத்துக் கிலோமீற்றருக்கு ஒருக்கா நிப்பாட்டி, பரந்தன் அல்லது பளை வரைக்கும் போய்ச் சேருங்கோ. வெள்ளைப் புகையோடை ஒழுகிறதெண்டால் ஓடாதேங்கோ, இழுத்துக்கொண்டு போங்கோ.

ஊசி மேலை போய், பிறகு திடீரெண்டு கீழை விழுந்திட்டுது. சரியாகிட்டுதோ?

உடனை நிப்பாட்டுங்கோ. சென்சர் தண்ணிக்குள்ளை இருந்தால்தான் சூட்டைச் சரியாய்க் காட்டும். தண்ணி முழுக்கப் போய் அது காற்றில் நிண்டால் ஊசி விழும், எஞ்சின் உள்ளை வேகும்.

இறக்கின பழைய கூலன்றை எங்கை ஊத்திறது?

வளவில் ஊத்தாதேங்கோ, கிணத்தடியில் கனவிலும் வேண்டாம். எங்கடை கல்லு நிலத்தில் மேலை ஊத்தினது கீழை போகக் கன நேரம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் மிதந்த நாட்கள் எங்களுக்குத் தெரியும். இனிப்பாய் இருக்கிறதாலை நாயும் ஆடும் கோழியும் குடிக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். தாச்சியில் பிடிச்சு, மூடி இறுக்கின போத்தலில் விட்டு, மேலை "நஞ்சு" எண்டு எழுதி, பிள்ளையளின் கைக்கு எட்டாமல் வச்சு, கழிவு ஒயில் எடுக்கிற கராஜில் கேட்டுக் குடுங்கோ.

திருத்திப்போட்டம். உண்மையில் நிண்டிட்டுதோ எண்டு எப்பிடித் தெரியும்?

நிரப்பேக்குள்ளை வண்டியின் முன்பக்கத்தை ஒரு மேட்டில் ஏத்தி, ஹீற்றரைத் திறந்து, மூடி இல்லாமல் ஐடிலில் விடுங்கோ. தேர்மோஸ்ரற் திறந்து மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நிக்கும் வரைக்கும் நிரப்புங்கோ. உள்ளை காற்று நிண்டால் ஒழுக்கு இல்லாமலே மட்டம் இறங்கி உங்களைக் குழப்பும். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கிறது அந்தக் காற்று வெளியேறுறது, பயப்பட ஒண்டுமில்லை. மூண்டாம் நாள் காலமை, எஞ்சின் குளிர்ந்திருக்கேக்குள்ளை, றிசேவ் போத்தலில் பேனையால் ஒரு கோடு கீறுங்கோ. பக்கத்தில் திகதியும் எழுதுங்கோ. இரண்டு கிழமை, ஒவ்வொரு நாளும் ஸ்ராட் பண்ண முதல் அந்தக் கோட்டைப் பாருங்கோ. இறங்கினால், மட்டையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.